ஆம்பிளைக்கு விதை (விரை) சின்னன் எண்டா என்ன வருத்தம்?

கேள்வி (அம்பாறை மாவட்டம், வயது 27), 14.01.2024

எனக்கு ரெண்டு விதையும் கொட்டைப்பாக்கு அளவுதான். சின்ன வயசில இருந்து அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். கூட்டாளிமாரோட ஆத்துக்குக் குளிக்கப் போனா நான் தள்ளித்தான் நிப்பன். சித்திரைக்குப் பிறகு கலியாணம். ஜிம் மாஸ்டர் சொல்றார், ஹோர்மோன் ஊசி ரெண்டு மாசம் போட்டா எல்லாம் பெருக்கும் எண்டு. போடலாமா? டொக்டரிட்டக் காட்ட வெக்கமா இருக்கு.

14.01.2024, இரவு

போடாதீங்க தம்பி. மிச்சம் நாளைக்கு எழுதுறன், இங்க மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வருது.

15.01.2024

நான் டொக்டர் இல்ல. மட்டக்களப்பில லேப் வேலை. விந்துப் பரிசோதனை, ஹோர்மோன் ரத்தம் எல்லாம் என்ர மேசையைத் தாண்டித்தான் போகும். அந்த அளவுக்குத்தான் என்ர கதை.

விதைக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்டு ஆம்பிளை ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் செய்றது. மற்றது விந்தணு செய்றது. ரெண்டுக்கும் உத்தரவு வாறது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில இருந்து. எல்எச், எஃப்எஸ்எச் எண்ட ரெண்டு ஹோர்மோனாலதான் அது உத்தரவு போடும். வெளியால இருந்து ஊசியில டெஸ்டோஸ்டெரோனை ஏத்தினா, ரத்தத்தில வேணுமான அளவு இருக்கெண்டு பிட்யூட்டரி கையைக் கட்டிக்கொண்டு இருந்திடும். உத்தரவு வராத விதை சுருங்கும். விந்தணு செய்றதும் நிக்கும். விதையிட பருமனில முக்கால் பங்குக்கு மேல விந்தணு செய்ற குழாய்கள்தான், அதால சுருக்கம் கையிலயே தெரியும்.

அப்ப மாஸ்டர் சொன்ன ஊசி தோளைப் பெருக்கும், விதையைச் சின்னனாக்கும். கலியாணத்துக்கு மூணு மாசம் இருக்கக்க விந்தணுவை நிப்பாட்டுற மருந்தைப் போட்டுக்கொண்டு போறதா?

16.01.2024

"பாக்கு அளவு" எண்டு எழுதினதுக்கு ஒருத்தர் கீழ கேட்டிருக்கார், பச்சைப்பாக்கா காய்ஞ்ச பாக்கா, தோலோடயா தோலில்லாமலா எண்டு. சிரிச்சாலும் சரியான கேள்வி. கண் அளவை நம்ப ஏலா.

டொக்டர்மாரிட்ட ஒரு மணிக்கோவை இருக்கு. சுவிட்சர்லாந்துக் குழந்தை வைத்தியர் அன்ட்ரேயா பிராடர் 1966இல கொண்டுவந்தது. நூலில கோத்த 12 முட்டை வடிவ மணிகள், ஒவ்வொண்டிலயும் இலக்கம்: 1, 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20, 25. அவ்வளவும் மில்லிலீற்றர். டொக்டர் ஒரு கையால விதையைத் தொட்டுக்கொண்டு மற்றக் கையால மணிகளைத் தடவிப் பொருந்திற மணியைப் பிடிப்பார். 4 மணிக்கு வந்தா பொடியன் பருவத்துக்கு வரத் தொடங்கிட்டான். வளர்ந்த ஆம்பிளைக்குப் பொதுவா 15இல இருந்து 25. 12க்குக் கீழ போனா சின்னன் எண்டு எழுதுவாங்க.

ஸ்கேனில இன்னும் திருத்தமா வரும். நீளம், அகலம், தடிப்பு மூண்டையும் சென்ரிமீற்றரில பெருக்கி மறுகா 0.71ஆல பெருக்கினா மில்லிலீற்றர். உதாரணத்துக்கு 3.1, 1.8, 1.5 எண்டா 6க்குக் கொஞ்சம் குறைய.

குளிருக்குள்ள பார்க்காதீங்க. விதைக்கு உடம்புச் சூட்டை விட 2இல இருந்து 4 பாகை குறைவா வேணும், அதுக்காகத்தான் வெளியால தொங்குது. குளிர் கூடினா பை சுருங்கி மேல இழுத்துக்கொள்ளும். மார்கழி மழையில வாவியில முங்கி எழும்பிட்டுப் பார்த்தா மட்டக்களப்பு முழுக்க இந்தக் கேள்வியைத்தான் கேக்கும். ஒரு பக்கம் மற்றதை விடக் கொஞ்சம் சின்னனா இருக்கிறதும், ஒண்டு பதிஞ்சு தொங்கிறதும் சாதாரணம்.

18.01.2024

கேட்ட தம்பி மறுமொழி போட்டிருக்கார். ஆறடிக்கு மேல உயரமாம், கிழமைக்கு ஒருக்காச் சவரம் செய்தாப் போதுமாம், மார்பு கொஞ்சம் வீங்கினாப் போல இருக்காம், அதை மறைக்கத்தான் ஜிம்முக்கே போனதாம். இதை முதல்லயே எழுதியிருக்கலாம், ஆனா எழுத எவ்வளவு கஷ்டம் எண்டு விளங்குது.

இணையத்தில வருத்தத்துக்குப் பேர் வைக்கிற ஆள் நான் இல்ல. ஆனா இந்தக் கதையைக் கேட்டா டொக்டர் முதல் நினைக்கிறது கிளைன்பெல்டர் நிலைமையை. ஆம்பிளைக்கு நிறமூர்த்தத்தில (குரோமோசோம்) எக்ஸ் ஒண்டு, வை ஒண்டு. இவங்களுக்கு எக்ஸ் ஒண்டு கூட, 46க்குப் பதிலா 47 நிறமூர்த்தம். 1942இல அமெரிக்காவில ஹரி கிளைன்பெல்டரும் கூட்டாளிமாரும் எழுதினது. கூடின எக்ஸ்தான் காரணம் எண்டு 1959இல பட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜோன் ஸ்ட்ரோங்கும் கண்டுபிடிச்சாங்க. ஏறக்குறைய 600 ஆம்பிளைப் பிள்ளையில ஒண்டுக்கு இருக்கும். அபூர்வம் இல்ல எண்டுறதைக் கவனியுங்க. கல்முனையில ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில ரெண்டு மூண்டு பேர் இருக்கலாம், அவங்களுக்கே தெரியாது. கனபேருக்குச் சாகும் வரைக்கும் தெரியிறதில்ல. தெரிஞ்சவங்களுக்கும் அனேகமா பிள்ளை இல்லையெண்டு சோதிக்கப் போன இடத்திலதான் தெரியும்.

இதில விதை சின்னன், 4 மில்லிலீற்றர் அளவில நிக்கும், தொட்டா இறுக்கமா இருக்கும். தாய் தகப்பனிட பிழை ஒண்டுமில்ல, பரம்பரையா வாறதும் இல்ல, கரு உண்டாகிற நேரம் தற்செயலா நடக்கிறது. சோதனைக்கு ரத்தம் கொழும்புக்குப் போகும், முடிவு வரக் கொஞ்சம் பொறுக்கணும்.

"பிள்ளை கிடைக்காதா?" எண்டு அடுத்த வரியில கேட்டிருக்கார். முந்தி இல்லையெண்டு சொல்லி அனுப்பிருவாங்க. இப்ப மைக்ரோஸ்கோப் வைச்சு விதையைத் திறந்து விந்தணு தேடுற ஒபரேசன் இருக்கு, ஏறத்தாழ பாதிப் பேரிட்ட கிடைக்குது. டெஸ்டோஸ்டெரோன் மருந்தும் இவங்களுக்கு ஒரு கட்டத்தில தேவைப்படும், எலும்புக்கு, பலத்துக்கு. ஆனா விந்தணு தேடுறதா இல்லையா எண்ட முடிவை எடுத்த பிறகு, டொக்டரிட கையால.

19.01.2024

மேல எழுதினதை வாசிச்சிட்டு உயரமான பொடியன்மார் எல்லாம் பயந்து தனிச்செய்தி அனுப்புறாங்க. உயரம் ஒரு வருத்தம் இல்ல. வொலிபோல் ஆடுங்க.

22.01.2024

என்ர கதையையும் சொல்லிர்றன், பேர் இல்லாத இடந்தானே.

1990 இடம்பெயர்வு. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில குடும்பம் குடும்பமாப் பாய் விரிச்சுக் கிடந்தம். சின்னப் பிள்ளையளுக்குக் கூகைக்கட்டு (மம்ப்ஸ்) வந்தது, கன்னம் ரெண்டும் வீங்கி. எனக்கு 19 வயசு, எனக்கும் தொத்தினது. கன்னம் வத்திக்கொண்டு வரக்க திரும்பவும் காய்ச்சல், இடது விதை தேசிக்காயை விடப் பெரிசா வீங்கி, தொட ஏலா, நடக்க ஏலா. அம்மா வேப்பிலை கட்டினா. ஆருக்கும் சொல்லல்ல, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோடு கிடந்தன். வீக்கம் போன மாசங்களுக்குப் பிறகு பார்த்தா இடது பக்கம் சுருங்கி, மெத்தெண்டு.

பருவத்துக்கு வந்த பிறகு கூகைக்கட்டு வாற ஆம்பிளையளில நூற்றுக்கு 15இல இருந்து 30 பேருக்கு இப்பிடி விதை வீங்கும். வீங்கின விதையில கிட்டத்தட்ட பாதி பிறகு கொஞ்சமோ கூடவோ சுருங்கும். அனேகமா ஒரு பக்கம்தான், அதால முழு மலடு அபூர்வம். எனக்கு ஸ்கேனில இடது 4.5, வலது 20க்குக் கிட்ட. மகளும் மகனும் இருக்கிறாங்க. வலது பக்கம் ரெண்டு பேரிட சம்பளத்துக்கு வேலை செய்யுது.

இப்பத்தப் பிள்ளையளுக்குக் கூகைக்கட்டையும் தடுக்கிற எம்எம்ஆர் ஊசி இருக்கு, 9 மாசத்திலயும் 3 வயசிலயும். நம்மட நாட்டில அரசாங்க அட்டவணைக்கு வந்தது 2011இல. அதுக்கு முதல் பிறந்த கனபேருக்கு இல்ல. 27 வயசு எண்டா நீங்களும் அந்தக் கூட்டம்.

23.01.2024

"அந்த நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா சுருங்காமத் தடுத்திருக்கலாமா?" இல்ல. வைரஸுக்கு மருந்து இல்ல, நோவு மருந்தும் படுக்கையும்தான். ஆனா காய்ச்சலோ கன்னவீக்கமோ இல்லாமத் திடீரெண்டு விதை நொந்தா அது வேற கதை, அதைத் தனியா எழுதணும்.

24.01.2024

தனியா எழுதுறன். இந்த இழையில ஆரும் ஒரு பந்தியைத்தான் வாசிக்கப் போறீங்களெண்டா இதை வாசிங்க.

விதை ரத்தக்குழாயள் ஓடுற ஒரு கயிறு மாதிரிச் சாமானில தொங்குது. சிலவேளை அது முறுகும். அனேகமா 12இல இருந்து 18 வயசுப் பொடியன்மாருக்கு, நித்திரையிலயும் வரும். ரத்தம் போறது நிண்டிரும். ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்குள்ள ஒபரேசனில திருப்பி விட்டா விதை தப்பும். நேரம் போகப் போகச் செத்துச் சுருங்கும், இல்லாட்டி எடுக்க வேண்டி வரும். படுவான்கரையில இருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கார்: மகன் ராத்திரி அடிவயிறு நோகுது எண்டானாம், சத்தியும் எடுத்தானாம், வாயு எண்டு இஞ்சி குடுத்துக் காலைவரைக்கும் வைச்சிருந்தாங்களாம். பொடியன் வெக்கத்தில வயிறு எண்டுதான் சொல்லியிருக்கான். இப்ப அந்தப் பக்கம் சுண்டிப்போய்க் கிடக்கு.

அடிவயிறு நோகுது எண்டு பொடியன் சொன்னா கீழயும் நோகுதா எண்டு கேளுங்க. நோகுதெண்டா விடியப் பார்த்திருக்காதீங்க. 1990 எண்டு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும். ஒரு பக்கம் முறுகினவனுக்கு மற்றப் பக்கத்தையும் அதே ஒபரேசனில தைச்சு விடுவாங்க.

27.01.2024

சொப்ட்போல், ஹாட்போல் எண்டு எல்லாரும் கிரிக்கெட் பைத்தியமாத் திரியிற காலம் இது. ஹாட்போல் பட்டு விதைக்குள்ள ரத்தம் கட்டினாலும் பிறகு சுருங்கும். எங்கட பழைய கழகத்தில விதையில அடிபடாமக் கீழ போடுற கார்ட் ஒண்டே ஒண்டுதான். அவுட்டாகி வாறவர் மரத்துக்குப் பின்னால போய்க் கழட்டிக் குடுப்பார், அடுத்தவர் அந்த ஈரத்தோட போட்டுக்கொண்டு போவார். பதினோராவது ஆள் போடமாட்டேன் எண்டு சத்தியம் பண்ணுவான். ஆளுக்கொண்டு வாங்குங்கப்பா.

28.01.2024

இடது பக்கம் மட்டும் சின்னன், நிண்டா பைக்குள்ள நரம்பு தடிச்சு முறுக்கினாப் போல, படுத்தா இல்லாமப் போகுது எண்டு செங்கலடித் தம்பி. வரிகோசீல் எண்டு சொல்றது அதுதான், பார்த்தே சொல்லுவார் டொக்டர். நூறு ஆம்பிளையில 15 பேருக்கு இருக்கு. இடது விதையில இருந்து வாற நாளம் சிறுநீரக நாளத்தில நேர் குறுக்காப் போய்ச் சேருது, ரத்தம் பின்னுக்கு வரும், சூடு ஏறும், அதால பெரும்பாலும் இடது. எல்லாருக்கும் ஒபரேசன் தேவையில்ல. விதை சுருங்கினா, விந்தணு குறைஞ்சா, நோவு எண்டா செய்வாங்க. வலது பக்கம் மட்டும் புதுசா வந்தா, இல்ல படுத்தும் வத்தாட்டி, வயித்தையும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க.

02.02.2024

காத்தான்குடியில இருந்து ஒரு உம்மா. மகனுக்குச் சுன்னத்து வைக்கிற நேரம்தான் ஒஸ்தா மாமா கண்டு சொன்னாராம், பையில ஒரு பக்கம்தான் இருக்கெண்டு. பிள்ளைக்கு ஏழு வயசு.

மாதம் நிறைஞ்சு பிறக்கிற ஆம்பிளைப் பிள்ளையளில நூற்றுக்கு மூண்டுக்கு விதை இறங்காம இருக்கும். கொஞ்ச மாசத்தில கனக்கத் தானா இறங்கும். ஆறு மாசத்துக்குப் பிறகும் இறங்காட்டிக் காட்டணும், ஒண்டரை வயசுக்குள்ள ஒபரேசன் முடியிறது நல்லம். மேலயே கிடந்தா சூட்டில கெட்டுச் சின்னனாப் போகும், பிற்காலத்தில விதைப் புற்றுநோய் வாற வாய்ப்பும் மற்றவங்களை விடக் கூட. ஏழு வயசு பிந்தினதுதான், ஆனாலும் செய்யணும் உம்மா. இதே கிழமையில கொண்டு போங்க. சில பிள்ளையளுக்கு விதை மேல ஏறி இறங்கி விளையாடும், சுடுதண்ணியில இருத்தினா இறங்கும். அது வேற, டொக்டர் தொட்டுப் பார்த்துப் பிரிச்சுச் சொல்லுவார்.

05.02.2024

ஜிம் ஆக்கள் கோபமா வந்திருக்காங்க. "நான் ரெண்டு சைக்கிள் (ஊசி போடுற சுற்று) அடிச்சன், ஒண்டும் ஆகல்ல." விந்து சோதிச்சுப் பார்த்தீங்களா? இல்லையாம்.

1990இல வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒண்டு இருக்கு. சுகமான ஆம்பிளையளுக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டாங்க. எதுக்கு? ஆம்பிளைக் கருத்தடையாப் பாவிக்க ஏலுமா எண்டு பார்க்க. அரைவாசிக்கு மேல ஆக்களுக்கு ஆறு மாசத்துக்குள்ள விந்தணு ஒண்டுமே இல்லாமப் போச்சு. ஜிம்மில ஆண்மைக்கு எண்டு விக்கிற அதே சாமானை உலகம் கருத்தடையாச் சோதிச்சிருக்கு.

நிப்பாட்டினா அனேகம் பேருக்குத் திரும்பி வரும், ஆறு மாசம், ஒரு வருசம், சிலருக்கு ரெண்டு வருசம். பல வருசம் போட்டவங்களில சிலருக்கு முழுசாத் திரும்பாது.

06.02.2024

கருவாடு பொரிக்கிற மணம் ஆருக்காவது தெரியாதா? பகிடி இல்ல. பதினாறு பதினேழு வயசாகியும் குரல் உடையல்ல, விதை சின்னப்பிள்ளை அளவிலயே நிக்குது, மணமும் தெரியாது எண்டா கால்மன் நிலைமையா இருக்கலாம். மூளையில மணத்தை அறியிற நரம்பும் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புற கலங்களும் கருவில ஒரே வழியால வாறதால ரெண்டும் சேர்ந்து தவறும். இதில விதை கெட்டதில்ல, உத்தரவுதான் வரல்ல. எச்சிஜி (எல்எச் மாதிரி வேலை செய்ற ஹோர்மோன்), எஃப்எஸ்எச் ஊசி போட்டா வளரும், விந்தணுவும் வரும், பிள்ளையும் பெறலாம். சின்ன விதைக்கான காரணங்களில நல்ல முடிவு வாறது இதுதான். 14 வயசு முடிஞ்சும் விதை பெருக்கத் தொடங்காட்டிக் காட்டுங்க. "அவன்ட தகப்பனும் பிந்தித்தான் வளர்ந்தவர்" எண்ட கதை அனேகமா உண்மை, ஆனாலும் காட்டுங்க.

11.02.2024

இண்டைக்குக் கல்லடிப் பாலத்தால வரக்க வாவியைப் பார்த்து மாந்தீவு ஞாபகம் வந்தது. நம்மட பக்கத்து ஆக்களுக்குத் தெரியும், தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன தீவு. தொழுநோய்க் கிருமிக்குக் குளிரான இடம் விருப்பம்: காதுமடல், மூக்கு, தோல், மறுகா விதை. கனகாலம் மருந்தில்லாம விட்டா விதை அழற்சியாகிச் சுருங்கும், மார்பு வீங்கும், பிள்ளை தங்காது. கிழக்கில இப்பவும் புது ஆக்களுக்குக் கண்டுபிடிக்கிறாங்க. உணர்ச்சியில்லாத வெளிறின தேமல் இருந்தா தோல் கிளினிக்குக்குப் போங்க. மருந்து இலவசம், ஆறு மாசம் இல்லாட்டி ஒரு வருசம், முழுச்சுகம்.

கசிப்பையும் (கள்ளச் சாராயம்) இதிலயே சொல்லிர்றன். வருசக்கணக்கில குடிச்சா மதுசாரம் விதையை நேராவும் கெடுக்கும், ஈரலைக் கெடுத்தும் கெடுக்கும். வயிறு ஊதி, மார்பு வீங்கி, விதை சுருங்கி வாறவங்களை வார்ட்டில பார்த்திருக்கன்.

15.02.2024

ஒரு மனக்குறை. எங்கட மேசைக்கு வாற சோடிகளில அனேகமா மனிசியிட ஃபைல் இவ்வளவு தடிப்பு. ஸ்கேன், ரத்தம், குழாய்ச் சோதனை, மாமாங்கக் கோயிலில நேர்த்தி, எல்லாம் முடிஞ்சு மூண்டாம் நாலாம் வருசம்தான் புருசன் ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார். அதுவும் ஆளில்லாத நேரம் பார்த்து. முடிவில அணு ஒண்டுமில்ல. சிலபேர் அந்தக் கடிதவுறையை மனிசிக்குக் காட்டாமக் கிழிச்சதும் தெரியும். டொக்டர் ஆம்பிளையையும் தொட்டுப் பார்த்திருந்தா ரெண்டு நிமிசத்தில விளங்கியிருக்கும்.

லேப்காரரிலயும் பிழை இருக்கு. நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில சாம்பிள் எடுக்கக் குடுத்த கழிவறைக்குக் கொழுக்கி இல்ல, கதவைக் கயித்தால பிடிச்சுக்கொண்டு நிக்கணும். எப்பிடித்தான் குடுப்பான் மனிசன்?

18.02.2024

தம்பி போறன் எண்டு எழுதியிருக்கார், சந்தோசம். போற வழி: கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி ஓபிடியில (வெளிநோயாளர் பிரிவு) "விதையில பிரச்சினை" எண்டு மட்டும் சொல்லுங்க, துண்டு தருவாங்க. ரத்தம் காலையில குடுக்கணும், 7க்கும் 10க்கும் இடையில, டெஸ்டோஸ்டெரோன் பகலாகக் குறையும். அதோட எல்எச், எஃப்எஸ்எச், பிட்யூட்டரியிட இன்னொரு ஹோர்மோனான புரொலக்டின். ரிப்போட்டில எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் கூட எண்டா விதையில கோளாறு, குறைய எண்டா மேல பிட்யூட்டரியில. விந்துக்கு 2இல இருந்து 7 நாள் விலகி இருந்து, லேப்பிலயே குடுங்க. திருக்கோவிலில எடுத்து பஸ்ஸில கொண்டு வந்தா ஒரு மணித்தியாலம் தாண்டிரும், அணு சாகத் தொடங்கிரும். வீட்டு ஆக்களிட்டக் கலியாணத்துக்கு முதல் சொல்றதா எண்டு கேட்டீங்க. முடிவு கைக்கு வந்த பிறகு, பொம்பிளைக்கு முதல்ல, மற்றவங்களுக்குப் பிறகு. அது என்ர அபிப்பிராயம்.

19.02.2024

முருங்கைக்காய், கருஞ்சீரகம், நாட்டுக்கோழி முட்டை கேட்டவங்களுக்கு: நல்ல சாப்பாடு. விதை வளராது.

03.03.2024

இழை கொஞ்சம் அடங்கிட்டு எண்டு நினைச்சன், ஜிம் ஆக்களில ஒருத்தர் தனியா வந்து உண்மையைச் சொல்லியிருக்கார். ஒரு வருசமா ஊசி, விதை சுருங்கிட்டு, டொக்டரிட்டப் போறாராம், ஆனா ஊசிக் கதையைச் சொல்லமாட்டாராம்.

சொல்லுங்க ராசா. மறைச்சா என்ன நடக்கும் தெரியுமா? ரத்தத்தில எல்எச், எஃப்எஸ்எச் ரெண்டும் அடியில கிடக்கும். டொக்டருக்கு அது பிட்யூட்டரிக் கட்டி மாதிரித் தெரியும். தலைக்கு எம்ஆர்ஐ எழுதுவார், நீங்க வரிசையில காத்துக் கிடப்பீங்க, வீட்டில அம்மா மகனுக்கு மூளையில கட்டியாம் எண்டு அழுதுகொண்டு கோயில் கோயிலாத் திரிவா. என்ன ஊசி, எத்தினை மில்லிகிராம், கடைசியா எப்ப போட்டது எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்க, வாயால சொல்ல வெக்கமெண்டா அந்தத் துண்டை மேசையில வைங்க.